கடற்கரை ஊர் வீட்டில் பாப் ஆர்ட் கொலாஜ்: தாள் சேர்ப்பதிலிருந்து சுவரில் மாட்டும் வரை

பாப் ஆர்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆன்லைனில் விற்கும் ஒரு பிரிண்ட்: ஒரே ஹாலிவுட் முகம், நாலு நிறத்தில், நாலு தடவை. அதை வாங்கிப் புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு ஹாலில் மாட்டினால் அந்த முகத்துக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டே இருக்காது. இந்தக் கலை பிறந்த விதம் வேறு. 1956-இல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் நடந்த கண்காட்சிக்காக பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் ஒரு கொலாஜ் (தாள்களை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்) செய்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்த அளவுகூட இல்லை. சுமார் 26 செ.மீ.க்கு 25 செ.மீ.தான். அதில் இருப்பது ஒரு வீட்டு வரவேற்பறை. டி.வி., டேப் ரெக்கார்டர், டப்பா இறைச்சி, வாக்குவம் கிளீனர் என்று அந்தக் காலத்து வீட்டுக்குள் புதிதாக வந்து சேர்ந்த பொருள்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். 1962-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 32 கேன்வாஸ்களில் சூப் டப்பாக்களை வரைந்தபோதும் அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்க மளிகைக்கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் ஒரு சரக்கைத்தான்.

அதனால் நம் வீட்டுக் கொலாஜுக்கான தாளும் நம் வீட்டுக்குள் வந்து போகும் தாளாக இருக்க வேண்டும். தீப்பெட்டி லேபிள், பன்னீர் சோடா லேபிள், தினசரி காலண்டர் அட்டை, ஜவுளிக்கடைக் கட்டைப்பை, கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை. இந்தச் சரக்கு நிறத்தில் எந்த மேல்நாட்டு விளம்பரத்துக்கும் குறைந்ததில்லை.

சுவர் அலங்காரத்தில் ரசனை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் சாமி படங்களும் தாத்தா பாட்டி போட்டோக்களும் உத்தரத்துக்குக் கீழே வரிசையாக, முன்பக்கம் சாய்ந்து தொங்கின. பிறகு கண்ணாடி ஷோகேஸ் வந்தது. அதன் பிறகு ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் ஆரஞ்சோ கிளிப்பச்சையோ அடித்து டெக்ஸ்சர் செய்தார்கள். இப்போது புது ஃபிளாட்டுகளில் எல்லாச் சுவரும் வெள்ளை அல்லது சாம்பல். இந்த வெறும் சுவர் பாப் ஆர்ட்டுக்கு மிக நல்ல இடம். ஒரே ஒரு கொலாஜ் போதும், அறை எழுந்து உட்காரும். ஆனால் இந்த வெள்ளையும் ஒரு நாள் மாறும். எனவே எதையும் சுவரில் நேரடியாக ஒட்டாதீர்கள். பலகையில் செய்யுங்கள், கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 2 அடிக்கு 3 அடி (60 செ.மீ.க்கு 90 செ.மீ.) பலகைக்கு.

தாள்

புதுச்சேரியில் மகாத்மா காந்தி சாலை நெடுகக் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் கிடைக்கும். கடலூரில் இருப்பவர்கள் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் பழைய பேப்பர் கடைகளில் எடைக்குப் போடும் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் இவற்றைவிட நல்ல இடம் ஒன்று உண்டு: ஆஃப்செட் அச்சகம். மிஷினில் மையைச் சரிசெய்யும்போது புதுத் தாளை வீணாக்காமல், முன்பு அச்சான வேஸ்ட் தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரு மளிகைக்கடை நோட்டீஸ் மேல் கல்யாணப் பத்திரிகை, அதன் மேல் பள்ளிக்கூட விளம்பரம் என்று நாலைந்து வேலைகள் ஒரே தாளில் ஏறியிருக்கும். நிறம் விலகி, எழுத்து மேல் எழுத்து படிந்து, திட்டமிட்டாலும் வராத ஒரு அழகு அதில் இருக்கும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பின்னணிக்கு இதைவிடச் சிறந்த தாள் வேறில்லை.

சேர்த்த தாள் எல்லாம் பலகைக்கு உகந்ததல்ல. ஒவ்வொன்றின் மூலையிலும் ஈரவிரலை வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் விரலில் ஒட்டினால் பசை பட்டதும் கரைந்து பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். இங்க்ஜெட் பிரிண்ட், ரோஸ் பச்சை நோட்டீஸ் தாள், கலர் கிரேப் தாள் மூன்றும் இப்படிக் கரையும். நோட்டீஸ் தாளின் சாயம் கரையாவிட்டாலும் சில மாத வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும். செய்தித்தாளும் சாணித்தாளும் மஞ்சளாகிப் பொடியும். மரக்கூழில் உள்ள லிக்னின் வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பதால் அப்படி ஆகிறது, வார்னிஷ் அடித்தாலும் அது நிற்காது.

இந்தத் தாள்களையும், உங்களிடம் ஒரே பிரதி உள்ள எதையும் அசலாக ஒட்டாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் லேசர் கலர் பிரிண்ட் எடுங்கள், 100 அல்லது 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில். லேசர் பிரிண்ட்டில் இருப்பது மை அல்ல, சூட்டில் உருகிப் படிந்த டோனர் தூள், தண்ணீரில் கரையாது. 70 ஜி.எஸ்.எம். சாதா தாள் பசையில் ஊறிச் சுருங்கும், 200-க்கு மேல் போனால் ஓரம் எழும்பி நிற்கும்.

பாப் ஆர்ட்டின் அடையாளமான புள்ளிகளுக்கு ஸ்டென்சில் வாங்கத் தேவையில்லை. பழைய பத்திரிகையில் கட்டைவிரல் அளவு ஒரு முகத்தையோ பூவையோ எடுத்து ஜெராக்ஸில் 400 சதவீதம் பெரிதாக்குங்கள். வந்ததை மறுபடியும் 200 சதவீதம். அச்சுப் புள்ளிகள் கடுகளவு பெரிதாகித் தெரியும். அமெரிக்கப் பாப் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் கையால் வரைந்து காட்டியது இந்த மலிவான அச்சின் புள்ளிகளைத்தான். நமக்கோ அசலே கையில் இருக்கிறது.

சாமி படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காலண்டர் கலை நம் ஊரில் சாதாரணச் சொத்தல்ல. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) போன்றவர்கள் வரைந்த முகங்கள்தான் மூன்று தலைமுறைக்குத் தெய்வத்தின் முகமாக மனதில் நிற்கின்றன. அந்தப் படத்தில் கத்தரி வைப்பதை வீட்டுப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. உருவத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ளதை எடுங்கள்: ஜரிகைக் கரை, திரைச்சீலை, தாமரை, கிளி, குத்துவிளக்கு, கடைப் பெயரின் உருண்டை எழுத்து, தேதித் தாளின் சிவப்பு இலக்கம். கொலாஜுக்கு உண்மையில் தேவைப்படுவதும் இவைதான். தினசரி காலண்டரின் அட்டை மிகத் தடிமனாக இருக்கும். வேண்டிய பகுதியை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டால் அடுக்குகள் பிரியும். மேல் அடுக்கை மட்டும் உரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து எடை ஏற்றிக் காயவிடுங்கள். ஜிகினா அச்சு இருந்தால் ஊறவைக்க வேண்டாம், உதிரும்.

அடித்தாளாக ஒட்டுவதற்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பட்டேல் சாலையில் உள்ள ஸ்ரீ அரவிந்தர் கைமுறைக் காகிதத் தொழிற்சாலையின் தாள் பருத்தித் துணியிலிருந்து செய்வது. மரக்கூழ் இல்லாததால் பழுக்காது. விலை கூடுதல், முழுப் பலகைக்கும் போடாமல் நடுவில் வரும் முக்கியப் படத்துக்குக் கீழே மட்டும் போட்டால் போதும்.

பலகை

கடற்கரை ஊரில் கொலாஜ் கெடுவது பெரும்பாலும் பலகையால்தான். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வழவழப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் முதல் ஐப்பசி மழைக்கே ஓரங்கள் ஈரத்தை இழுத்து உப்பிவிடும், உப்பிய எம்.டி.எஃப். பழைய நிலைக்குத் திரும்பாது. பி.வி.சி. பலகை உப்பாது, கரையான் ஏறாது. ஆனால் தண்ணீர்ப் பசை அதில் பிடிக்காது. நாள்போக்கில் தாள் தகடுபோல் பெயர்ந்து வரும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 9 மி.மீ. வாங்குங்கள். இந்த அளவில் மூன்று கிலோ சொச்சம் இருக்கும், ஒரு ஆள் தூக்கி மாட்டலாம். கடையில் வெட்டி வாங்கும்போது பலகையைத் தரைமட்டத்தில் பிடித்து ஒரு ஓரத்திலிருந்து பாருங்கள். வளைவு இருந்தால் திருப்பிக் கொடுங்கள், பசை அதை நிமிர்த்தாது, கூட்டும்.

பின்பக்கம் நான்கு ஓரத்திலும் ஒரு அங்குல ரீப்பரை அடித்துச் சட்டம் கட்டுங்கள். இதனால் பலகை நேராக நிற்கும், சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்றும் ஓடும். முன்பக்கத்தை 120-ஆம் எண் உப்புத்தாளால் ஒரு முறை, 220-ஆல் ஒரு முறை தேயுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, வெள்ளை அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள், நடுவில் நான்கு மணி நேரம் விட்டு. பிரைமரைத் தவிர்த்தால் பிளைவுட்டின் பழுப்புச் சாறு பசை வழியாக ஏறி வெள்ளைப் பகுதிகளில் தேநீர்க் கறை மாதிரி தெரியும். வெட்டுப்பட்ட ஓரங்களுக்கு மூன்று கோட். ஈரம் நுழைவது அங்கேதான்.

இன்னொரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அது காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் முன்பக்கம் ஒட்டும் அன்றே பின்பக்கமும் சட்டத்துக்குள் ஒரு அடுக்கு பழுப்பு அட்டைத்தாளை அதே பசையால் ஒட்டுங்கள். இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகும்.

அடுக்கிப் பார்த்தல்

பசையைத் தொடும் முன் ஒரு முழுநாள் இதற்குக் கொடுங்கள். பலகையைத் தரையில் படுக்கப் போட்டு, துண்டுகளை அடுக்கி, நின்று பாருங்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் செய்யும் பிழை எல்லாத் துண்டும் ஒரே அளவில், பலகை முழுக்க நிரப்புவது. தூரத்திலிருந்து பார்த்தால் அது குப்பைத்தொட்டியாகத் தெரியும். பாப் ஆர்ட் பத்தடி தூரத்திலிருந்தே பேச வேண்டும். ஒரே ஒரு பெரிய உருவம், பலகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எதுவும் இல்லாத தட்டை நிறம். மீதியில்தான் சின்னச் சின்னத் துண்டுகள். நிறங்களும் கறுப்பு வெள்ளை போக நான்கைத் தாண்ட வேண்டாம்.

தட்டை நிறத்தை ஊரிலிருந்தே எடுக்கலாம். புதுச்சேரி கடற்கரை ஓர வீதிகளின் கடுகு மஞ்சள், பிரெஞ்சும் தமிழும் எழுதிய வீதிப் பலகையின் நீலம், காகிதப்பூவின் ரோஸ். இந்த மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சண்டை போடாது. கலர் தாள் ஒட்டுவதைவிட, பிரைமர் மேல் சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷனையே அடித்துவிடுவது நல்லது. நிறம் சீராக வரும், சீக்கிரம் வெளுக்காது. பலகை முழுவதும் இரண்டு கோட் அடித்தாலும் 100 மில்லி போதும். நிறங்கள் சந்திக்கும் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயின்ட் முழுக்கக் காயும் முன்பே டேப்பை உரித்தால் ஓரம் கத்தி வெட்டாக இருக்கும்.

எதை நடுவில் வைப்பது என்று தயங்குபவர்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, கோலி சோடா பாட்டில்: போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, 20 செ.மீ. உயரத்தில் 12 லேசர் பிரதி எடுத்து, ஆறாறாக இரண்டு வரிசை நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் நிறம் மாறட்டும், ஒன்றே ஒன்றில் மட்டும் கோலி சிவப்பாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப வருவதற்கு நடுவே ஒரு மாற்றம் வரும்போதுதான் கண் நிற்கும். இரண்டு, பண்ருட்டிப் பலாப்பழம்: முள்தோலைப் புள்ளிப் படமாகப் பெரிதாக்கிப் பலகையின் ஒரு பக்கத்தை முழுக்க அடைத்து, பிளந்த சுளையின் மஞ்சளை மட்டும் நிறத்தில் விடுங்கள். சுற்றிப் பேருந்துப் பலகையின் ஊர்ப் பெயர் எழுத்துகள். கடலூர் மாவட்ட வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் தேடினாலும் கிடைக்காது.

அடுக்கியதும் மொபைலில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சமும் இருட்டும் போதவில்லை. நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சுவரில் அது மங்கும். சரியாகும்வரை மாற்றி, கடைசிப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம், பசை பட்டால் முன்பக்கம் ஊறித் தெரியும்.

வெட்டுவதற்கு நேர்கோடென்றால் ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும். பிளேடு மழுங்கினால் தாள் வெட்டுப்படாமல் கிழியும், எனவே நுனியைத் தயங்காமல் உடைத்துப் புதிதாக்குங்கள். வளைவுக்குச் சின்னக் கத்தரி. கத்தரி நின்ற இடத்தில் நிற்க, தாளைத்தான் திருப்ப வேண்டும். கத்தரியைச் சற்று உட்பக்கம் சாய்த்துப் பிடித்தால் தாளின் வெள்ளை ஓரம் கீழே மறையும். அப்படியும் தெரியும் இடங்களில் கலர் பென்சிலால் ஓரத்தை மட்டும் தேய்த்துவிடுங்கள்.

பசையும் ஒட்டுதலும்

இரண்டு பசை போதும், இரண்டுக்கும் வேலை வேறு.

வழவழப்பான காலண்டர் தாள், லேசர் பிரிண்ட், அட்டைக்கு ஃபெவிகால்: மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். இந்தப் பலகைக்குக் கால் கிலோ டப்பா தாராளம். மெல்லிய போஸ்டர் தாளுக்கும், பிற்பாடு பெயர்த்து எடுக்க நினைக்கும் அடுக்குக்கும் மைதா பசை. 100 கிராம் மைதாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் நாலைந்து நிமிடம் விடாமல் கிளறுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆகும் நேரத்தில் இறக்கி, ஆறியதும் வடிகட்டுங்கள். பாதி வெந்த மைதா ஒட்டாது, காய்ந்ததும் பொடியாக உதிரும்.

மைதா என்றால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். பைண்டிங் வேலை செய்பவர்கள் இதற்கு மயில்துத்தம் சேர்ப்பார்கள். இந்த அளவுக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம்; கொஞ்சம் வெந்நீரில் தனியே கரைத்துக் கடைசியில் கலக்கவும். அது விஷம். அலுமினியப் பாத்திரத்தை அரிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் டப்பாவில் கலக்கி, கையுறை போட்டு, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்; அந்தக் கரண்டி திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது. வெள்ளைத் தாளில் லேசாகப் பச்சை தட்டும் என்பதால் மேலடுக்குகளுக்குத் துத்தம் போடாமல் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விட்ட பசையைப் பயன்படுத்துங்கள். எந்தப் பசையானாலும் அன்றைக்குச் செய்ததை அடுத்த நாளோடு முடித்துவிட வேண்டும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து ஆடி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடற்கரையில் தாள் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். பசை நாள்கணக்கில் காயாது, நடுவில் பூஞ்சை பூத்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் பிரச்சினை தலைகீழ்: மின்விசிறிக்குக் கீழே வைத்தால் துண்டை நேர்ப்படுத்தும் முன்பே பசை இறுகிவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு துண்டு என்று போங்கள்.

தாள் ஈரமானால் விரியும். பசை தடவிய கையோடு ஒட்டினால் பலகை மேல் போன பிறகு விரிந்து குமிழியும் மடிப்பும் போடும். தாளின் பின்பக்கம் ஓரம் வரை பசை தடவி, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். அது தளர்ந்து துணிபோல் ஆன பிறகு பலகையில் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டில் மெல்லிய துணியைச் சுற்றினால் நல்ல நீவுகோல். வெளியே பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். பின்னால் வரவேண்டிய துண்டுகளிலிருந்து தொடங்கி, முன்னால் நிற்கும் பெரிய உருவத்தைக் கடைசியில் ஒட்டுங்கள்.

எல்லாம் ஒட்டியதும் மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் வெள்ளைத் தாள், அதன் மேல் இன்னொரு பலகையும் புத்தகங்களும். செய்தித்தாளை மட்டும் நடுவில் வைக்காதீர்கள், அதன் மை படத்தில் ஏறும். ஒரு மணி நேரம் கழித்து ஈரமான தாளை மாற்றி, மறுபடி எடை வைத்து 12 மணி நேரம் விடுங்கள். மறுநாள் சின்னக் குமிழிகள் தெரிந்தால் தொடாதீர்கள். மைதா பசையில் பல குமிழிகள் முழுதும் காயும்போது தானே படிந்துவிடும். இரண்டு நாள் கழித்தும் நிற்பதை பிளேடு நுனியால் ஒரு கீறு கீறி, சிரிஞ்சில் நீர்த்த ஃபெவிகால் ஒரு சொட்டு ஏற்றி அழுத்துங்கள்.

ஒட்டிவிட்டுக் கிழிப்பது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் ஊர்ச் சுவர்களே இதற்குப் பாடம். 1949-இல் பாரீஸில் ரேமோன் ஹைன்ஸ், ஜாக் வில்க்லே என்ற இரண்டு பிரெஞ்சுக் கலைஞர்கள் வீதிச் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்துபோன போஸ்டர்களைப் பெயர்த்தெடுத்து வந்து அப்படியே படமாக வைத்தார்கள். கொத்துக் கொத்தாய் வால் போஸ்டர் ஒட்டிய சுவரைத் தினமும் கடந்து போகிற நமக்கு அந்த அழகு புதிதில்லை.

வீதியில் ஒட்டியதைப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டாம்; மண்ணும் பூஞ்சையும் கூடவே வரும். பலகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, மெல்லிய போஸ்டர் தாளையோ அச்சக வேஸ்ட் தாளையோ மூன்று நான்கு அடுக்கு ஒட்டுங்கள். முதல் அடுக்குக்கு முழுதாக ஃபெவிகால். மேலடுக்குகளுக்கு மைதா பசை, அதுவும் பட்டைப் பட்டையாக, இடைவெளி விட்டு. கடைசி அடுக்கு ஒட்டி முக்கால் மணி நேரம் கழித்து, மேலே வறண்டு உள்ளே ஈரம் இருக்கும் பதத்தில், ஓரத்தில் நகத்தால் கிளப்பிப் பலகைக்குத் தாழ்வாகச் சாய்த்து இழுங்கள். செங்குத்தாக இழுத்தால் ஒரேயடியாக எல்லா அடுக்கும் வரும். தன் பக்கம் இழுத்தால் கிழிந்த ஓரத்தில் வெள்ளை நார் தெரியும், எதிர்ப்பக்கம் தள்ளிக் கிழித்தால் தெரியாது. அந்த வெள்ளை ஓரம் வேண்டிய இடத்தில் மட்டும் வரும்படி திசையை மாற்றிக்கொள்ளுங்கள். கீழடுக்கிலிருந்து ஒரு கண்ணோ ஒற்றை எழுத்தோ எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். இதில் நிறுத்தத் தெரிவதுதான் கஷ்டம்.

மேல்பூச்சு

ஃபெவிகாலையே தண்ணீர் விட்டு மேலே அடித்தால் போதும் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். வறண்ட ஊருக்கு அது சரியாக இருக்கலாம். இங்கே ஐப்பசி வந்ததும் அந்தப் பூச்சு பால் நிறமாகி, தொட்டால் ஒட்டும், தூசி முழுக்க அதில் படியும். கோப்பால் வார்னிஷ் ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகிவிடும். எப்பாக்சி ரெசின் இப்போது நாகரிகமாக இருக்கிறது. ஈரக்காற்றில் ஊற்றினால் மேலே எண்ணெய்ப் பிசுக்குப்போல் வெள்ளை படியும், வெயில் பட்டால் அதுவும் பழுக்கும், ஒரு தடவை ஊற்றிவிட்டால் கீழே உள்ள எதையும் மாற்ற முடியாது.

தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) அக்ரிலிக் கிளியர் வார்னிஷ், மேட் வகை, மூன்று மெல்லிய கோட். இதுதான் இங்கே நிற்கிறது. ஒட்டியது முழுதும் காய இரண்டு மூன்று நாள் விட்டு, மழை இல்லாத ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மேல் அடியுங்கள். முதல் கோட் மிக லேசாக, ஒரே திசையில். நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது குறுக்காக. மூன்றாவது மறுநாள். ஓரங்களுக்கும் பின்பக்கத் தாளுக்கும் மறக்காமல் அடியுங்கள். கண்ணாடிச் சட்டம்தான் வேண்டும் என்பவர்கள் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளிப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

சுவர்

சுவர் ஓதம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவரிலிருந்து ஈரம் வருகிறது, அந்தச் சுவர் வேண்டாம். குளியலறையோடு சேர்ந்த சுவர், சமையலறைச் சுவர், மேற்கு வெயில் நேராக விழும் இடம் மூன்றையும் சோதிக்காமலேயே தள்ளிவிடலாம். வெயில் பட்டால் அச்சில் மஞ்சளும் ரோஸும் முதலில் போய், கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். கடை வாசலில் ஒட்டிய பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடாக வழியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள், பலகைக்குப் பின்னால் உள்ள டி வளையமும் அப்படியே. சிமென்ட் பூச்சுச் சுவருக்கு 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், 40 மி.மீ. ஸ்க்ரூ, இரண்டு இடத்தில். பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடுகளில் பூச்சு தடிமனாகவும் பொலபொலவென்றும் இருக்கும். பிளக் பூச்சோடு கையில் வந்துவிடும். அங்கே டிரில்லைச் சுத்தியல் மோடில் போடாமல் மெதுவாக ஓட்டி, செங்கல் வரும் வரை போய், 65 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் கீழ்ப்பக்கமும் சுவரில் படியாது.

உயரம் பற்றி எங்கும் சொல்லும் கணக்கு படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. என்பது. அது நின்று பார்ப்பவருக்கு. பாயிலோ ஊஞ்சலிலோ உட்கார்ந்து பேசும் வீடென்றால் 115 செ.மீ.க்கு இறக்குங்கள். பழைய பழக்கத்தில் சாமி படம் மாதிரி உத்தரத்தடியில் மாட்டினால் சின்னத் துண்டுகளில் செய்த வேலை ஒன்றும் தெரியாது. சோபாவுக்கு மேலே என்றால் முதுகுச் சாய்வுக்கும் பலகைக்கும் இடையில் 20 செ.மீ. போதும்.

தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் தட்டினால் போதும். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் ஒரு முறை இறக்கி, பின்பக்கம் கரையான் மண் இருக்கிறதா, ஓரம் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்ற நினைக்கும்போது

சில துண்டுகளை முதலிலிருந்தே கழற்றும்படி வைக்கலாம். முன்னால் நிற்கும் ஒன்றிரண்டு உருவங்களை ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டில் (லேசான பி.வி.சி. நுரைப் பலகை) ஏற்றி வெட்டி, வெல்க்ரோ பட்டையால் பலகையில் நிறுத்துங்கள். சன்போர்டுக்குத் தண்ணீர்ப் பசை பிடிக்காது, அதனால் கடையிலேயே பின்பக்கம் ஒட்டுள்ள வினைல் தாளில் அச்சடித்து ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சற்றே எழும்பி நிற்பதால் நிழல் விழும், அதுவும் அழகுதான். பொங்கலுக்கு ஒன்று, மாசி மகத்துக்கு ஒன்று என்று மாற்றலாம்.

முழுதும் மாற்ற வேண்டுமென்றால் வார்னிஷை 120 உப்புத்தாளால் கீறல் விழும்படி தேய்த்து, வெந்நீரில் பிழிந்த துணியை அரைமணி நேரம் மேலே போட்டு வையுங்கள். மைதா பசையில் ஒட்டியவை ஊறிச் சுருண்டு வரும். ஃபெவிகாலில் ஒட்டியவை வராது. அவற்றைச் சுரண்டிப் பலகையைக் கெடுப்பதைவிட, மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி இரண்டு கோட் வெள்ளைப் பிரைமர் அடித்துவிட்டு மேலேயே புதிதாகத் தொடங்கலாம்.